இரண்டு பக்கமும் பாடிய வரி

டிவியில் செய்தி வாசிக்கும் பெண் வணக்கம் சொன்னால் பக்கத்து வீட்டு அக்காவும் வணக்கம் சொல்வார். கையில் மாவு ஒட்டியிருந்தால் முழங்கைகளைச் சேர்த்துக் கும்பிடுவார். முதல் தடவை பார்த்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"யாருக்குக்கா வணக்கம்?"

"அந்தப் பொண்ணுக்குத்தான். அது பாட்டுக்கு சொல்லுது. நாம கம்முனு குந்திக்கினு இருந்தா அது இன்னா நெனைக்கும்?"

ரயில்வே ஸ்டேஷனில் வண்டி தாமதத்துக்கு வருந்துகிறோம் என்று ஒலிபெருக்கி சொன்னால், "நீ வருந்தி இன்னாம்மா பண்றது, எட்டரைக்கு எனக்கு ஷிப்டு" என்பார். போனில், நீங்கள் அழைத்த வாடிக்கையாளர் வேறொருவருடன் பேசிக்கொண்டிருக்கிறார் என்று குரல் வந்தால், "சரிம்மா, பேசட்டும், அப்பால பண்றேன்" என்று சொல்லிவிட்டுத்தான் வைப்பார். கிண்டலுக்காகச் செய்வதில்லை. ஒரு குரல் கேட்டால் அதற்குப் பதில் போக வேண்டும், அவ்வளவுதான். அந்தக் குரலுக்குக் காது உண்டா இல்லையா என்று அவர் யோசித்ததே இல்லை.

நான் அதற்கு நேர் எதிர். யாராவது என்னிடம் மணி என்ன என்று கேட்டால்கூட, என் கடிகாரம் சரியாக ஓடுகிறதா என்று ஒரு தடவை யோசித்துவிட்டுத்தான் சொல்வேன்.

அப்போது நாங்கள் கும்மிடிப்பூண்டியில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் வரிசையாகக் கட்டிய ஆறு வீடுகளில் ஒன்றில் இருந்தோம். கணவருக்கு உருக்காலையில் மாறி மாறி ஷிப்டு. எனக்குப் பொன்னேரிப் பக்கம் ஊர். நிலபுலன் உள்ள குடும்பம், ஒரே பெண், டிகிரி முடித்தவள். மகளுக்கு ஏழு மாதம். அவள் தும்மினால் போனில் தேடுவேன். தும்மாவிட்டாலும் தேடுவேன். எந்தப் பக்கம் படுக்கவைக்க வேண்டும், நகத்தில் வெள்ளைப் புள்ளி வந்தால் என்ன அர்த்தம், எல்லாவற்றுக்கும் போன்.

சாயங்காலத்தில் மகள் அழ ஆரம்பிப்பாள். பசியா, வயிற்று வலியா என்று நான் தடுமாறிக்கொண்டிருக்கும்போதே சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து அக்காவின் குரல் வரும். "தோ கீறேன்டி, இன்னா வோணும் உனக்கு?" மகள் அழுகையை நிறுத்திச் சுவரைப் பார்ப்பாள். அவளுக்கு எதுவும் வேண்டியிருந்ததில்லை. யாராவது கேட்டால் போதும் என்று இருந்திருக்கிறது. அதைப் புரிந்துகொள்ள எனக்கு வெகுநாள் ஆனது.

ஒருமுறை வீட்டுச் சொந்தக்காரர் வந்து எல்லோரையும் கூப்பிட்டு, வாடகையை உயர்த்துவதாகச் சொன்னார். கடைசியில் பேச்சுக்காக, "யாருக்காவது ஏதாவது சொல்லணுமா?" என்றார். நாங்கள் ஐந்து வீட்டுக்காரர்களும் தரையைப் பார்த்தோம்.

"எனக்கு இருக்குது" என்றார் அக்கா. "தொட்டில பாசி பிடிச்சி பச்சையா கீது. இந்தத் தண்ணியிலதான் பாப்பாக்கு பால் கலக்குது இந்தப் பொண்ணு. மேல ஏறிப் பாக்கறீங்களா, ஏணி எடுத்தாரவா?"

சொந்தக்காரர், "நான் சும்மா கேட்டேன்மா" என்றார்.

"நானு சும்மா சொல்லல சார்."

மறுநாள் தொட்டி கழுவினார்கள். அந்தப் பாசியை எனக்கும் தெரியும். மூன்று நாளாக மனசுக்குள் வாக்கியம் அமைத்துக்கொண்டிருந்தேன்.

இப்படிப்பட்டவரோடுதான் அந்தப் படத்துக்குப் போனேன்.

பழைய படம், பாட்டுகளாலேயே ஆன படம். உப்பு சுமந்து விற்கும் ஒரு பெண்ணின் கதை. அந்தக் காலத்தில் ஊர் ஊராக ஓடியது என்று என் அம்மாவும் சொல்லியிருக்கிறார். அதை இப்போதுள்ள நடிகர்களை வைத்துப் புதிதாக எடுத்திருந்தார்கள். ஸ்டேஷன் சுவரில் போஸ்டரைப் பார்த்ததும் அக்கா நின்றுவிட்டார்.

"யாருடி நீ? அவ கூடைய எடுத்துக்கினு நிக்கற?"

அன்றிலிருந்து தினமும் அந்தப் படத்தைப் பற்றித்தான் பேச்சு. அக்காவுக்குப் பெரியபாளையத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். ஆடி மாதத்தில் அம்மன் கோயிலுக்கு வண்டி கட்டிக்கொண்டு வரும் கூட்டம் அங்கங்கே தங்கும். கோயிலைத் தாண்டி ஒரு மைதானத்தில் வெள்ளைத் துணி கட்டிப் படம் போடுவார்களாம். ஒவ்வொரு வருஷமும் இந்தப் படம் கட்டாயம் உண்டாம்.

"எங்க தெரு ஜனம்லாம் துணிக்கு அந்தப் பக்கம் குந்தும். முன்னால பண்ணைக்காரங்க, வண்டி கட்டிக்கினு வந்தவங்க. எங்களுக்குப் பின்பக்கந்தான். ஆனா படம் ரெண்டு பக்கமும் தெரியும் கண்ணு, அதுல ஒண்ணும் குறை இல்ல."

கடைசியில் ஒரு பாட்டாம். திருட்டுப் பழி சுமத்தி அந்த உப்புக்காரியை ஊர் நடுவில் நிறுத்திவிடுவார்கள். அவள் கூடையை இறக்கி வைத்துவிட்டுப் பாடுவாள்: 'யாருண்டு எனக்கு, யாருண்டு?'

"கேட்டுட்டு மறைஞ்சிடுவா. துணி வெள்ளையாயிடும். நாங்க பாடுவோம், உண்டடி பெண்ணே, உனக்கொரு ஊருண்டுன்னு. இந்தப் பக்கம் நாங்க, அந்தப் பக்கம் அவுங்க. பாடி முடிச்சாதான் அவ திரும்பி வருவா. வருசம் பூரா எங்களுக்கும் அவுங்களுக்கும் பேச்சே இருக்காது. அந்த ஒரு வரிதான் ரெண்டு பக்கமும் சேந்து பாடறது. இன்னா மாதிரி எடுத்திருக்கான் பாரேன்! ஜனத்தையும் படத்துல சேத்து எடுத்திருக்கான்."

"டிவியில போடுவாங்களே, பாத்ததில்லையாக்கா?"

"ஒருவாட்டி போட்டான். நிறுத்திட்டேன். அத தனியா பாக்கக் கூடாது. கடைசியில அவ கேக்கறப்ப நான் ஒருத்தி இன்னான்னு பதில் சொல்றது?"

அந்தப் பாட்டு ரேடியோவிலும் வருவதில்லை. பேச்சும் பாட்டுமாக நீளமானது. எனக்கு அவர் சொன்ன விதம் விசித்திரமாகத்தான் இருந்தது. அந்தக் காலத்து டைரக்டர் ஒருவர் இப்படியெல்லாம் யோசித்திருப்பாரா என்று தோன்றியது. ஆனால் கேட்கவில்லை.

ஒரு ஞாயிறு மத்தியானக் காட்சிக்கு, மின்சார ரயிலில் பொன்னேரி போனோம். அக்கா கம்பெனியில் தீபாவளிக்குக் கொடுத்த சேலையைக் கட்டியிருந்தார். நான் மகளுக்கு இரண்டு மாற்று உடை, காதுக்குப் பஞ்சு, வெந்நீர் பிளாஸ்க் என்று ஒரு பையை நிரப்பி எடுத்துக்கொண்டேன். குழந்தையைத் தியேட்டருக்குக் கூட்டிப் போகலாமா என்று முதல் நாளே போனில் தேடியாகிவிட்டது. கூடாது என்றுதான் போட்டிருந்தது. இருந்தும் போனேன்.

பாதித் தியேட்டர் நிரம்பியிருந்தது. ஒவ்வொரு பாட்டும் ஆரம்பிக்கும்போது வயதானவர்கள் நாற்காலிக் கையில் தாளம் போட்டார்கள். பத்து நொடியில் பாட்டு வேகமெடுத்ததும் தாளத்தை விட்டுவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டார்கள். அந்த இடத்தில்தான் பின்வரிசைப் பையன்கள் விசில் அடித்தார்கள். ஒரு பெரியவர் இடைவேளையில், "எங்க காலத்துல பாட்டு புரியும்" என்றார். "தாத்தா, உங்க காலத்துல டிக்கெட்டும் நாலணா" என்றான் ஒருவன். எல்லோரும் சிரித்தார்கள், பெரியவரும்தான்.

அக்காவுக்குப் படத்தின் மேல் கோபமே இல்லை. "நல்லாத்தான் எடுத்துக்கிறாங்க. கூடைதான் புதுசா கீது. உப்பு தூக்கற கூடை இப்டியா பளபளன்னு இருக்கும்? அட, வலது இடுப்புல வச்சிக்கிறா பாரு! அவ எடது கைக்காரியாச்சே." துணிக்குப் பின்னாலிருந்து பார்த்தால் இடம் வலம் மாறித் தெரியும் என்பது எனக்கு அப்போதே தெரிந்தது. அதையும் சொல்லவில்லை.

கடைசிப் பாட்டு வந்தது. அக்கா முழங்கையால் என்னை இடித்து, "ரெடியா இரு" என்றார். கதாநாயகி கூடையை இறக்கினாள். 'யாருண்டு எனக்கு, யாருண்டு?' என்றாள். அக்கா எழுந்து நின்றுவிட்டார்.

ஆனால் திரை வெள்ளையாகவில்லை. வயலின்கள் ஒன்றாக எழும்ப, அந்தப் பெண்ணே கண்ணை மூடி, 'உண்டடி பெண்ணே' என்று தனக்குத் தானே பாட ஆரம்பித்தாள். அக்கா ஒரு நொடி திகைத்தார். பிறகு அவரும் பாடினார், பழைய மெட்டில், நிதானமாக, முழுக் குரலில். அவர் பாதி வரியில் இருக்கும்போது அவள் முடித்துவிட்டாள். அக்கா பின்னால் திரும்பி, "பாடுங்கப்பா, இன்னா கம்முனு கீறீங்க!" என்றார்.

தியேட்டரே சிரித்தது. "அக்கா, ஒன்ஸ் மோர்!" என்றான் ஒருவன். நாலைந்து போன்களின் வெளிச்சம் எங்கள் மேல் விழுந்தது. மகள் விழித்துக்கொண்டாள். நான் அக்காவின் முந்தானையைப் பிடித்து இழுத்தேன்.

"உக்காருங்கக்கா. எல்லாரும் பாக்கறாங்க."

உட்கார்ந்தார். ஒருவர் மேலும் அவருக்கு வருத்தம் இல்லை. "புது ஜனம், தெரியல" என்றார்.

வெளியே இரண்டு பையன்கள் மைக்கோடு நின்றிருந்தார்கள். காட்சி முடிந்து வருகிறவர்களிடம் படம் எப்படி என்று கேட்டு யூடியூபில் போடுகிறவர்கள். உள்ளே நடந்தது அவர்களுக்கு அதற்குள் தெரிந்திருந்தது. நேராக அக்காவிடம் வந்தார்கள்.

"அக்கா, உள்ள பட்டையக் கிளப்பிட்டீங்களாமே! படம் எப்டி?"

கேட்டால் அக்கா பதில் சொல்லாமல் இருப்பாரா?

"படம் நல்லாத்தாம்பா கீது. அந்தப் பொண்ணும் நல்லாத்தான் பாடுது. ஆனா அந்த வரிய அது பாடக் கூடாது. அத நாங்கதான் பாடணும்."

"நாங்கன்னா யாருக்கா?"

"ஜனம்தாம்பா. பாக்க வந்தவங்க."

"பழைய படத்துல அப்டியா இருக்கு?"

"அப்டித்தான். அவ கேட்டுட்டுப் போயிடுவா. நாங்க சொல்லுவோம். அப்பாலதான் வருவா. வோணும்னா இத கேளு, படிச்ச பொண்ணு."

மைக் என் முகவாய்க்கு வந்தது. "சிஸ்டர், நீங்க சொல்லுங்க, அப்டியா?"

நான் மகளின் குல்லாவைச் சரி செய்தேன். பழைய படத்தை நான் பார்த்ததில்லை. தெரியாததை எப்படித் தெரியும் என்று சொல்வது?

"எனக்குத் தெரியாதுங்க" என்றேன். அது உண்மை. ஆனால் சொல்லிவிட்டு இரண்டடி தள்ளி நின்றேன், அவரோடு வந்தவள் இல்லை என்பது போல. அக்கா சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று சொல்லியிருக்கலாம். அதுவும் உண்மைதான், அதுவரை எனக்கு அவர் சொல்லி ஒன்றுகூடத் தப்பானதில்லை.

மூன்றே நாளில் அந்த வீடியோ எங்கும் ஓடியது. 'நாங்கதான் பாடணும்' என்று தலைப்பு. கணவர் ஆலையில் பார்த்துவிட்டு வந்து, "அதுல ஒரு ஓரமா நீ நிக்கறியே" என்றார். கீழே வந்த கருத்துகளை எல்லாம் படித்தேன். பழைய படத்தைப் பார்க்காமலே அளக்கிறது இந்தம்மா என்று ஒருவர். இன்னொருவர் பழைய படத்தின் அந்தக் காட்சியையே அக்காவின் பேச்சுக்குப் பின்னால் ஒட்டியிருந்தார். அதில் அந்தக் காலத்து நடிகை, கறுப்பு வெள்ளையில், தானேதான் பாடினாள். திரை எங்கும் வெள்ளையாகவில்லை.

அக்காவுக்கு வீடியோவில் வந்ததில் சந்தோஷம். பாட்டில் மூடிகள் செய்யும் கம்பெனியில் அவருக்கு பேக்கிங் வேலை. "கேன்டீன்ல நொழைஞ்சா எல்லாரும், யாருண்டு எனக்கு, யாருண்டுன்னு பாடறாங்க கண்ணு. சூப்பர்வைசர் தம்பிகூட! நான் உண்டடி பெண்ணேன்னு முழுசா பாடினேன். கை தட்டறாங்க. பாரேன், ஜனத்துக்கு இப்பதான் புரிஞ்சிருக்குது."

கேலி செய்கிறார்கள் என்பது அவருக்குத் தெரியவில்லை. யாரோ கேட்கிறார்கள், அவர் பதில் சொல்கிறார். தினமும் மதியம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் பாடுவதும், சுற்றிலும் அவர்கள் சிரிப்பதும் என் கண் முன்னால் வந்துகொண்டே இருந்தது. எனக்கு அது தாங்கவில்லை. சொல்லலாமா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். யாராவது முரட்டுத்தனமாகச் சொல்வதற்கு முன்னால் நானே பக்குவமாகச் சொல்லிவிடுவது நல்லது என்று முடிவு செய்தேன். இவ்வளவு யோசித்து முடிவெடுத்தால் தப்பாது என்று அப்போது நம்பிக்கொண்டிருந்தேன்.

"அக்கா, பழைய படம் போன்ல இருக்கு. அந்த இடத்தை மட்டும் பாருங்களேன்."

மடியில் மகளை வைத்துக்கொண்டு பார்த்தார். அவள் கேட்டாள். அவளே பாடினாள். அக்கா போனை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"இன்னொருவாட்டி போடு."

போட்டேன். மூன்று தடவை போட்டேன்.

"இது வேற படம் இல்லியே?"

"இல்லக்கா. இதான்."

"அப்ப அவளேதான் பாடறாளா?"

"ஆமாக்கா."

"அந்தக் காலத்துலேர்ந்தே?"

நான் தலையாட்டினேன். மகளை என்னிடம் கொடுத்துவிட்டு எழுந்தார். வாசல்வரை போய்த் திரும்பினார். "கம்பெனியில அதுக்குத்தான் சிரிச்சிக்கினு இருந்தாங்களா?" என்றார். அது என்னைக் கேட்ட கேள்வி. நான் பதில் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு அக்கா சண்டை போடவில்லை, முகம் திருப்பவில்லை. குழம்பு கொடுத்தனுப்பினார், மகளைத் தூக்கினார். ஆனால் செய்தி வாசிக்கும் பெண் வணக்கம் சொன்னபோது சும்மா இருந்தார். ஸ்டேஷனில் ஒலிபெருக்கி வருந்தியது. அவர் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். மகள் அழுதால் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரச் சத்தம் நிற்கும். ஆனால் குரல் வராது. அழுகையைக் கேட்டுக்கொண்டு நிற்கிறார் என்று எனக்குத் தெரியும். கேட்டது தன்னையா என்று யோசிக்கப் பழகிவிட்டார், என்னைப் போல.

ஆடி மாதம் என் அம்மா வந்தபோது பேச்சுவாக்கில் அந்த வீடியோவைக் காட்டினேன். வேடிக்கையாகத்தான் காட்டினேன் என்பதை மறைக்க விரும்பவில்லை. அம்மா சிரிக்கவில்லை.

"சரியாத்தானேடி சொல்லுது அந்தப் பொம்பள."

"என்னம்மா சொல்ற?"

"பெரியபாளையத்துல அப்படித்தான். வருசா வருசம் அதே படப்பெட்டிதான் வரும். அந்த எடத்துல பிலிம் பிஞ்சிருக்கும். ஆப்பரேட்டர் மிஷினை நிறுத்தி, பிஞ்ச துண்டைக் கையால தள்ளிவிட்டு மறுபடி போடுவான். அதுவரைக்கும் வெறும் துணிதான். ஜனம் சும்மா இருக்குமா? பாட்டுப் புஸ்தகம் வச்சிருக்கறவங்க பாட ஆரம்பிச்சு, அப்பறம் அதுவே பழக்கமாயிடுச்சு. நாங்க வண்டியில உக்காந்துகினே பாடுவோம். துணிக்கு அந்தப் பக்கத்துலேர்ந்துதான் சத்தம் பெருசா வரும். யாருன்னு பாத்ததில்ல."

உலகத்தில் உள்ளதையெல்லாம் போனில் தேடியவள், அதே போனில் அம்மாவைக் கூப்பிட்டு ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். பெற்ற தாயே பாடியிருக்கிறாள், துணிக்கு இந்தப் பக்கத்தில்.

அந்த வாரம் கணவருக்குத் திருவள்ளூர்ப் பக்கம் வேலை மாற்றலாகியிருந்தது. சாமான்களைக் கட்டிக்கொண்டிருந்த நடுவில் அக்கா வீட்டுக்குப் போனேன். அம்மா சொன்னதை ஒன்றுவிடாமல் சொன்னேன். அக்காவின் முகம் ஒரு கணம் பழையபடி ஆனது.

"உங்கம்மா பாடுவாங்களா? முன்பக்கத்துலயா? அப்ப அந்த சத்தத்துல அவுங்களும் இருந்திருக்காங்க!"

"ஆமாக்கா. நீங்க சொன்னது தப்பே இல்ல. அங்க படமே அப்படித்தான் இருந்திருக்கு. நான்தான் அவசரப்பட்டுட்டேன்."

"நீ இன்னா பண்ணுவ கண்ணு, போன்ல இருக்கறததானே காட்டின."

போனில் அந்தக் காட்சியைப் போட்டேன். 'யாருண்டு எனக்கு, யாருண்டு?' என்று அவள் கேட்டதும் படத்தை நிறுத்தினேன். அடுத்த வரிக்கு வாயைத் திறந்தபடி அவள் அப்படியே நின்றாள்.

"நின்னுடுச்சா?"

"நான்தான் நிறுத்தினேன். நீங்க பாடுங்கக்கா."

அக்கா வெகுநேரம் அந்த முகத்தையே பார்த்தார்.

"அப்பல்லாம் அவ எங்களத்தான் கேக்கறான்னு பாடினோம். இப்ப தெரிஞ்சிபோச்சே, அவகிட்டயே பதில் கீதுன்னு. அவ வாயில இருக்கறத நான் எப்டி புடுங்கிப் பாடறது?"

விரலை நீட்டி அவரே படத்தை ஓடவிட்டார். அவள் பாடினாள். நாங்கள் இருவரும் வாயைத் திறக்காமல் கேட்டுக்கொண்டிருந்தோம்.